பம்ப் வாங்கும் முன்

நேற்றுக் காலை நான்கு இட்லி, ஆறு யூனிட் இன்சுலின். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் 140. இன்று காலையும் அதே நான்கு இட்லி, அதே ஆறு யூனிட், அதே நேரம். மீட்டர் காட்டுவதோ 260. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் வீட்டில் இந்தக் குழப்பம் வராத வாரம் இருக்காது. "எனக்குத் தெரியாம என்ன சாப்பிட்ட?" என்று அம்மா கேட்பாள். "சத்தியமா ஒண்ணும் சாப்பிடலம்மா" என்று பிள்ளை கண்ணைக் கசக்கும். ஊசி போட்ட அப்பாவின் மேல் அம்மாவுக்குச் சந்தேகம். இட்லியின் அளவின் மேல் அப்பாவுக்குச் சந்தேகம். பெரும்பாலான நாட்களில் மூன்று பேர் மேலும் தப்பிருக்காது.

இந்த 140-க்கும் 260-க்கும் நடுவில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இன்சுலின் பம்ப் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் தெரிந்துவிடும். நகையை விற்றாவது பிள்ளைக்குப் பம்ப் வாங்கிவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அதில் திட்டுத்திட்டாக அமைந்திருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே இந்தச் செல்களை அழித்துவிடுகிறது. குழந்தை இனிப்பு அதிகம் தின்றதால் வந்த நோய் இல்லை இது; யாரும் செய்த தவறினால் வந்ததும் இல்லை. இன்சுலின் இல்லாமல் போனால் இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கும். கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன்கள் சேர்ந்து இரத்தத்தை அமிலமாக்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் பிழைத்ததில்லை. இன்றைக்கு அவர்கள் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் ஒருநாள்கூட இன்சுலின் இல்லாமல் இருக்க முடியாது.

ஆரோக்கியமான கணையம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், தூங்கும்போதும்கூட, கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலினைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இதைப் பேசல் என்கிறார்கள். அடித்தள இன்சுலின் என்று சொல்லலாம். சாப்பாடு உள்ளே போனதும் மளமளவென்று கூடுதலாகச் சுரக்கும். இது போலஸ், உணவுநேர இன்சுலின். கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலின் நேரே கல்லீரலுக்குப் போகிறது. இரத்தத்தில் கலந்த இன்சுலினில் பாதி சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். கூடிப்போனால் உடனே குறைத்துக்கொள்ளலாம் என்ற வசதி இதனால்தான் உடலுக்குக் கிடைக்கிறது.

ஊசி இன்சுலினுக்கு அந்த வசதி இல்லை. அது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பில் போய் இறங்குகிறது. மருந்துக் குப்பியில் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டம் பிரிந்தால்தான் நுண்ணிய இரத்தக் குழாய்க்குள் நுழைய முடியும். வேகமாக வேலை செய்வதற்கென்றே மாற்றி அமைத்த இன்சுலின்கூட வேலையைத் தொடங்கக் கால்மணி நேரம் ஆகும்; உச்சத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; முழுதாக அடங்க நான்கைந்து மணி நேரம் ஆகும்.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் காயவில்லை என்று தீயைக் கூட்டுகிறோம். அரை நிமிடம் பார்த்துவிட்டு மறுபடியும் கூட்டுகிறோம். கல் சூடேறிய பிறகு தோசை கருகுகிறது. அப்போது தீயைக் குறைத்தாலும் அடுத்த தோசையும் கருகத்தான் செய்யும். சுகர் 260 என்றதும் மூன்று யூனிட் போட்டு, ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லையே என்று இன்னொரு மூன்று யூனிட் போட்டால் இதுதான் நடக்கும். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் சுகர் 50-க்கு இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். மேலும் இறங்கினால் நினைவு தப்பும். இதற்கு இன்சுலின் அடுக்கல் என்று பெயர். முன்பு போட்டதில் இன்னும் வேலை செய்யாமல் மிச்சமிருப்பதைச் செயலிலுள்ள இன்சுலின் என்பார்கள். மனக்கணக்கில் இதை வைத்துக்கொள்வது பெரியவர்களுக்கே கஷ்டம்.

சரி, அதே ஆறு யூனிட் இரண்டு நாளில் இரண்டு விதமாக ஏன் வேலை செய்தது? ஊசி போட்ட இடம் மாறினால் உறிஞ்சப்படும் வேகம் மாறும். வயிற்றில் வேகம், தொடையில் மந்தம். வெந்நீரில் குளித்தால் வேகம் கூடும். ஒரே இடத்தில் மாதக்கணக்காகக் குத்திக் குத்திக் கொழுப்பு கட்டிபோல் திரண்டிருந்தால் அதற்குள் போன இன்சுலின் எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. தொட்டுத் தடவிப் பார்த்தால் இந்தக் கட்டி கைக்குத் தெரியும், ஆனால் பல வீடுகளில் யாரும் தடவிப் பார்ப்பதே இல்லை. முந்தின நாள் மாலை விளையாடிய விளையாட்டு மறுநாள் காலைவரை சுகரை இறக்கும். சளிக்காய்ச்சல் ஏற்றும். பரீட்சைப் பயம் ஏற்றும். வளரிளம் பருவத்து ஹார்மோன்கள் விடியற்காலையில் ஏற்றும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த 260.

இப்போது பம்ப்புக்கு வருவோம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ஆர்னால்ட் கடிஷ் 1960-களின் தொடக்கத்தில் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. இன்றைய பம்ப்பின் நேர் மூதாதை லண்டன் கைஸ் மருத்துவமனையில் பிறந்தது. ஜான் பிக்கப், ஹாரி கீன் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் பேட்டரியில் ஓடும் சிறிய சிரிஞ்சு பம்ப்பால் தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலினைச் செலுத்த முடியும் என்று 1978-ல் காட்டினார்கள். இப்போது அது இடுப்பில் செருகிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. உள்ளே இன்சுலின் நிரப்பிய சிறு குடுவை, அதை அழுத்தும் மோட்டார், மெல்லிய குழாய், அதன் முனையில் தோலுக்குள் சில மில்லிமீட்டர் போகும் மென்மையான கேனுலா. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கேனுலாவையும் குழாயையும் மாற்றி வேறு இடத்தில் குத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவி எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதை ஒரு சொட்டை வைத்துப் பார்க்கலாம். பம்ப்பில் ஊற்றும் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 20 சொட்டு. அப்படியென்றால் ஒரு சொட்டில் 5 யூனிட். சிறு குழந்தைக்கு அடித்தள இன்சுலின் மணிக்கு அரை யூனிட் போதும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சொட்டைப் பத்து மணி நேரத்துக்குப் பிரித்துப் பிரித்துத் தர வேண்டும். பம்ப் அதைச் செய்கிறது. எந்தச் சிரிஞ்சாலும் அது முடியாது. இரவில் குறைத்து, விடியற்காலையில் கூட்டி, விளையாடப் போகும்போது பாதியாக்கி ஓட்டலாம். செயலிலுள்ள இன்சுலினைத் தானே கணக்கிட்டுச் சொல்லும். பிரியாணி சாப்பிட்டால் கொழுப்பினால் செரிமானம் மெதுவாகி மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் சுகர் ஏறும். அதற்கேற்ப உணவுநேர இன்சுலினை நீட்டித்து விடலாம்.

அதே கணக்கு ஆபத்தையும் காட்டுகிறது. ஒரு சொட்டு பத்து மணி நேரத்துக்கு என்றால், குழாய்க்குள் நுழையும் சின்னக் காற்றுக் குமிழி எவ்வளவு நேரத்து இன்சுலினைத் தின்றுவிடும்! பம்ப் மோட்டார் ஓடும். திரையில் எல்லாம் சரியாக இருக்கும். உடம்புக்குள் போவது காற்று. பம்ப்பில் வேக இன்சுலின் மட்டும்தான் உண்டு. நாள் முழுக்க நிற்கும் நீள் இன்சுலின் கையிருப்பாக உடம்பில் கிடக்காது. கேனுலா மடங்கினாலோ பிடுங்கிக்கொண்டு வந்தாலோ சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும். அதனால் பம்ப் போட்டவர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம் இது: சுகர் 250-க்கு மேல் போய், அதை இறக்கப் பம்ப் வழியாகத் திருத்த இன்சுலின் கொடுத்தும் இறங்கவில்லை என்றால் பம்ப்பை நம்பாதே, கீட்டோன் பார், திருத்த இன்சுலினைப் பேனாவிலோ சிரிஞ்சிலோ போடு, கேனுலாவை மாற்று, வாந்தி வந்தால் மருத்துவமனைக்கு ஓடு. பம்ப் உள்ள வீட்டில் சிரிஞ்சு எப்போதும் இருக்க வேண்டும்.

கருவி முக்கியமா, அதைக் கையாளக் கற்பது முக்கியமா? இதற்குப் பதில் தரும் இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த டி.சி.சி.டி ஆய்வின் முடிவு 1993-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு அக்காலத்து வழக்கமான சிகிச்சை: நாளுக்கு ஒன்றோ இரண்டோ ஊசி. இன்னொரு குழுவுக்குத் தீவிர சிகிச்சை: பம்ப், அல்லது நாளுக்கு மூன்றுக்குக் குறையாத ஊசி. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி அளவு முதல் குழுவில் 9 சதவீதத்தை ஒட்டி நின்றது. தீவிரக் குழுவில் 7 சதவீதத்தை ஒட்டி. நீரிழிவினால் கண்ணில் பாதிப்பு உண்டாகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகமும் நரம்புகளும்கூட அதேபோல் காப்பாற்றப்பட்டன. தாழ்சர்க்கரையால் அடுத்தவர் உதவி தேவைப்பட்ட சம்பவங்கள் மட்டும் மூன்று மடங்காயின.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். தீவிரக் குழுவில் இருந்தவர்கள் மாதாமாதம் மருத்துவக் குழுவைச் சந்தித்தார்கள். இடையில் மருத்துவக் குழுவினர் அதைவிட அடிக்கடி தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாய், எவ்வளவு போட்டாய், எவ்வளவு மாற்றலாம் என்று பேசினார்கள். கண்ணைக் காப்பாற்றிய சிகிச்சையில் அந்தப் போன் அழைப்பும் ஒரு பகுதி.

இரண்டாவது ஆய்வு பிரிட்டனில் நடந்தது. அங்கே டாஃப்னே என்ற ஐந்து நாள் பயிற்சி இருக்கிறது. உணவில் மாவுச்சத்து எவ்வளவு என்று கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலினைத் தானே தீர்மானிக்கச் சொல்லித்தருவார்கள். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் உருவான முறையின் வழிவந்தது இது. ரெப்போஸ் என்ற அந்த ஆய்வில் பங்கேற்ற பெரியவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பாதிக்குப் பம்ப், மறு பாதிக்கு ஊசி. இரண்டு ஆண்டு கழித்து, 2017-ல் வெளிவந்த முடிவின்படி, இரண்டு குழுவிலும் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசமோ தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுக்குச் சிறியது. பம்ப் போட்டவர்களுக்குத் திருப்தி அதிகம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். பயிற்சி இல்லாதவர்களுக்குப் பம்ப் கொடுத்துவிட்டு, அதனால் கிடைத்த பலனைப் பம்ப்பின் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே எல்லாருக்கும் முதலில் ஒரே பயிற்சி. நல்ல ஆய்வுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ரெப்போஸ் ஆய்வில் பயன்பட்ட பம்ப்கள் சுகரைப் பார்த்துத் தாமே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் வகையல்ல. அந்த வகையை மூடிய வளையம் என்கிறோம். தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து அனுப்பும். ஒரு நிரல் கணக்குப் போட்டுப் பம்ப்புக்குக் கட்டளை தரும். சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை. அதனால் அதன் கணக்கு இரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே இருக்கும். இன்சுலினின் தாமதத்தோடு இதுவும் சேர்கிறது. சாப்பிடப் போகிறேன் என்று இன்றைய பெரும்பாலான தானியங்கிப் பம்ப்களுக்கும் நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருப்பது இந்தத் தாமதத்தால்தான்.

மூடிய வளையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையில் நோயாளிகளுக்கும் பெற்றோருக்கும் பெரிய இடம் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளர், தன் சின்ன மகனின் சென்சார் காட்டும் எண்ணை அலுவலகத்தில் இருந்தபடியே பார்க்க வழி தேடினார். கருவியைக் கைபேசியோடு இணைத்து இணையத்தில் ஏற்றும் நிரலை எழுதினார். மற்றப் பெற்றோர்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். நைட்ஸ்கவுட் என்று பெயரிட்டு எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். சியாட்டிலில் டானா லூயிஸ் என்ற பெண்ணுக்கு வேறு கவலை. தனியாக இருந்த அவரை இரவில் எழுப்பும் அளவுக்கு சென்சாரின் அலாரம் சத்தமாக இல்லை. ஸ்காட் லைப்ராண்ட் என்பவரோடு சேர்ந்து சத்தமான அலாரம் செய்யத் தொடங்கினார். பிறகு அடுத்து என்ன ஆகும் என்று முன்கணிக்கச் செய்தார்கள். பழைய பம்ப் ஒன்றோடு பேசும் வழியை பென் வெஸ்ட் என்பவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதையும் சேர்த்து 2014 டிசம்பரில் வளையத்தை மூடினார்கள். அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற முதல் தானியங்கிப் பம்ப் வந்தது 2016 செப்டம்பரில்தான்.

வீட்டில் செய்ததை நம்பலாமா என்று கேட்பது நியாயம். 2019-ல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, அனுமதி பெறாத கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது ஆபத்து என்று எச்சரித்தது. சோதித்துப் பார்ப்பதே இதற்கு வழி. நியூசிலாந்தில் 97 பேரை வைத்து நடந்த கிரியேட் ஆய்வில், இப்படி நோயாளிகள் உருவாக்கிய, எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட மூடிய வளைய நிரலைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு 3 மணி 21 நிமிடம் கூடுதலாக 70-க்கும் 180-க்கும் இடைப்பட்ட நல்ல வரம்பில் இருந்தார்கள். 2022-ல் இது வெளியானது. ஆனாலும், மருத்துவருக்குத் தெரியாமல் யாரும் இதை முயலக்கூடாது என்பதே என் கருத்து.

நம் ஊருக்கு வந்தால் சிக்கல்கள் இன்னும் அடிப்படையானவை. இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் புழங்குகிறது, 100 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. பம்ப்புக்கு 100 யூனிட் வேக இன்சுலின்தான். பம்ப் பழுதாகி அவசரத்துக்குக் கிடைத்த குப்பியைக் கிடைத்த சிரிஞ்சில் ஏற்றினால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும். வெளிநாட்டுப் பட்டியலில் ரொட்டிக்கு மாவுச்சத்து எவ்வளவு என்று இருக்கும். உங்கள் வீட்டு இட்லித் தட்டின் குழிக்கு எவ்வளவு என்று இருக்காது. சமையலறையில் ஒரு சின்னத் தராசு வாங்கி எடைபோட்டுப் பழக வேண்டும். இதை உணவியல் நிபுணர் சொல்லித்தருவார். பத்து வருடமாக இதே வேலையைச் செய்யும் இன்னொரு அம்மா இன்னும் நன்றாகச் சொல்லித்தருவாள். அப்படிப்பட்டவர்களை அறிமுகம் செய்து வைக்கும்படி மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

உதவியும் இருக்கிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். கோவையில் இதயங்கள் அறக்கட்டளை வசதியில்லாத குடும்பத்துக் குழந்தைகளுக்கு இன்சுலினும் மற்றப் பொருட்களும் தந்து தொடர்ந்து கவனித்துக்கொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் வகை நீரிழிவுக்கென்றே 2022-ல் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. பொதுத்தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக சி.பி.எஸ்.இ 2017-லேயே அனுமதித்துவிட்டது. பள்ளியில் கேட்டால் தெரியாது என்பார்கள்; சுற்றறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

பம்ப்பை விலை பேசும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு எத்தனை நாள் பயிற்சி தருவீர்கள்? இரவு இரண்டு மணிக்கு சுகர் 300 என்றால் யார் போனை எடுப்பார்கள்? மாதாமாதம் குழாய்க்கும் கேனுலாவுக்கும் சென்சாருக்கும் ஆகும் செலவை ஐந்து வருடம் தாங்க முடியுமா? பதில் தெளிவாக வந்தால் வாங்குங்கள்; அருமையான கருவி அது. வராவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல பயிற்சிக்கும், கீட்டோன் மீட்டருக்கும், போதுமான ஸ்ட்ரிப்புகளுக்கும் செலவிடுங்கள். ஊசியோடும் நன்றாக வாழலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இடுப்பிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தால் செல்போன் என்று பிடுங்கிவிடாதீர்கள். சுகர் இறங்குகிறது என்று சொன்னால் பாடம் முடியட்டும் என்று காக்க வைக்காதீர்கள். தனியாக எழுந்து நடக்கவும் விடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.